அர்க்காதியின் மகள்

காய்கறிச் சந்தையில் ஒரு கிழவி சதகுப்பைக் கீரையை ஒவ்வொரு கட்டாக எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தாள். ரிம்மா கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஊர்க்காரர்கள் கீரையை முகர்ந்து வாங்குகிற சாதி இல்லை. சதகுப்பையை ஒரு சின்னக் கட்டுக்கு மேல் வாங்குவதும் இல்லை. இவளோ கை கொள்ளாமல் அள்ளிப் பையில் திணித்தாள். பை நிறைந்ததும் மிச்சத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்படிச் சதகுப்பை வாங்குகிறவள் எந்த நாட்டு மூலையில் இருந்தாலும் அவளுக்கு ரஷ்ய மொழிதான் தாய்மொழி என்று ரிம்மா அடித்துச் சொல்வாள்.

போர்ட் ஆல்டனுக்குக் குடிவந்து மூன்று வாரமாகியிருந்தது. ஏரிக்கரைச் சின்ன நகரம். வாடகை நியூயார்க்கில் பாதி. அங்கே நம் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்துவிட்டாள். வாடகை உண்மைதான். ஆட்களைத்தான் காணோம். ரஷ்ய பாணியில் வெங்காய வடிவக் குமிழ் வைத்த ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது, பூட்டிக் கிடந்தது. நூலகத்தில் விசாரித்தாள், மீன் கடையில் விசாரித்தாள். "இருக்காங்கன்னு கேள்வி" என்றார்கள்.

அவள் அப்பா அர்க்காதி ல்வோவிச் ரஷ்யாவில் வோரொனெஷ் நகரத்தில் காலமெல்லாம் பூகோள வாத்தியாராக இருந்தவர். அமெரிக்கா வந்தபிறகு தட்டுத்தடுமாறி ஆங்கிலம் கற்றுக்கொண்டார். போன வருஷம் வந்த பக்கவாதம் கைகாலை விட்டுவிட்டு, அந்த ஆங்கிலத்தை மட்டும் வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. ரஷ்ய மொழி மிச்சம் இருந்தது. பேச ஆள் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் பூங்கா பெஞ்சில் அவரோடு சதுரங்கம் ஆடியவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தார்கள், மீதிப்பேரைப் பிள்ளைகள் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரிம்மா வீட்டிலிருந்தபடியே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நாள் முழுக்கத் தொலைபேசியில் ஆங்கிலம் பேசுகிறவள். பக்கத்து அறையிலிருந்து மகளின் குரல் ஓயாமல் கேட்கும், ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது. "பேச்சு நின்றால் அடுத்தது சாப்பாடு நிற்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அவர் ஒரு நாளைக்குச் சொல்வது ஒரே வாக்கியம்தான்: சூப்பு நல்லாயிருக்கு. அதுவும் சில நாட்களாகக் குறைந்துகொண்டே வந்தது.

கிழவி காரில் பையை வைக்கும்போது ரிம்மா போய்ப் பிடித்துக்கொண்டாள். ரஷ்ய மொழியில் வணக்கம் சொன்னாள். கிழவி ஆச்சரியப்படவில்லை. ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தன பேரு வந்திருக்கீங்க?"

"நானும் எங்கப்பாவும்தான்."

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தாறு."

"ஒசரமா இருப்பாரா?"

இது என்ன கேள்வி என்று ரிம்மாவுக்குத் தோன்றியது. "நல்ல ஒசரம்" என்றாள்.

"அப்போ சனிக்கிழம கூட்டிட்டு வா. என் பேரு தைசியா. ஏரிக்கரையில கடைசி வீடு. இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?" என்றாள் கிழவி, தாமதமாக வந்த உறவுக்காரியைக் கடிந்துகொள்வதுபோல. ரிம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கடைசிக் கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்பட்டது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை போனார்கள். ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் வயதானவர்கள். ரொதியோன் என்ற மீன்பிடிக்காரன் மட்டும் கொஞ்சம் இளையவன், வாய் ஓயாதவன். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் தட்டும் கரண்டியும் வைத்து, சூப்பும் ஊற்றி, ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்காலியின் பஞ்சு ஓர் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது. யாரும் அப்பாவின் பெயரைக் கேட்கவில்லை. அவர் நேராகப் போய் அதில் உட்கார்ந்தார், பள்ளம் அவருக்குச் சரியாகப் பொருந்தியது.

"கிளெப் மத்வேயிச், அந்த உப்ப இப்படித் தள்ளுங்க" என்றான் ரொதியோன்.

அப்பா உப்பைத் தள்ளினார்.

"இவரு பேரு அர்க்காதி ல்வோவிச்" என்றாள் ரிம்மா.

"கோச்சுக்காதீங்க. நாக்கு பழகிப்போச்சு. அந்த நாற்காலிய பாத்தா வாய் தானா அந்தப் பேரத்தான் சொல்லுது." மேசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து ரிம்மா பார்த்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

கிளெப் மத்வேயிச் தைசியாவின் கணவர். போன குளிர்காலத்தில் அவளோடு மனத்தாங்கலாகி உறைந்த ஏரியின்மேல் தூண்டில் போடப் போனவர், பனி உடைந்து உள்ளே போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது தைசியா இதைச் சொன்னாள், மழை பெய்ததைச் சொல்வதுபோல. செத்தவருக்கு நாற்பதாம் நாள் காரியம் செய்யலாம், வராமல் இருப்பவருக்கு என்ன செய்வது, தட்டு வைக்கத்தான் முடியும் என்றாள். அவருடைய படம் இருக்கிறதா என்று ரிம்மா மரியாதைக்குக் கேட்டாள்.

"படம் எதுக்கு?" என்று தைசியா தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அப்பா பேசினார். சூப்பில் மிளகு தூக்கல் என்றார். ரொதியோன் நல்ல பையன், ஆனால் அளக்கிறான் என்றார். ஏரி இந்த வருஷம் சீக்கிரம் உறைந்துவிடும்போல் இருக்கிறது என்றார். ரிம்மா காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவரைக் கடைசி வீட்டில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துவந்தாள். அவர் உடம்பு தேறியது. கன்னத்தில் நிறம் வந்தது. தைசியா கொடுத்த அகலமான கறுப்புக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, புகை வாசனையும் மீன் வாசனையுமாக வருவார். ஒரு நாள் சமையலறையில் நின்று ஒரு பெரிய மீனை வயிற்றைக் கீறி, குடல் எடுத்து, செதில் ஒன்று சிந்தாமல் சுத்தம் செய்தார். பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவினாலே விரலை வெட்டிக்கொள்கிற மனிதர் அவர்.

"எங்க கத்துக்கிட்டீங்கப்பா இத?"

"கப்பல்லதான். முர்மன்ஸ்க்ல இருந்தப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு பாத்திருப்போம் தெரியுமா? கை மரத்துப்போயிடும்."

"நீங்க முர்மன்ஸ்க் போனதே இல்ல. வோரொனெஷ்ல வாத்தியாரா இருந்தீங்க."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அதுவும்தான்" என்றார், அவள் மனசு நோகக் கூடாது என்பதைப்போல.

மறுநாள் ரிம்மா சண்டைக்குத் தயாராகவே போனாள். தைசியா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாக உறைந்து கிடக்க, அப்பா ரொதியோனுக்கு ஏதோ முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தைசியா அத்தை, எங்கப்பாவ அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டுப் பாத்தேன் கண்ணு. திரும்ப மாட்டேங்கறாரு."

"நீங்கதான் பழக்கிட்டீங்க."

"அந்தப் பேர வெச்சுக்கிட்டு ஒன் வீட்ல என்ன பண்ணின? சூப்பு குடுத்துச் சுவரப் பாக்க ஒக்கார வெச்சிருந்த. இங்க நேத்து ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. பாட்டு பாடினாரு. ஒனக்கு அப்பன் வேணுமா, அப்பன் பேரு வேணுமா?"

ரிம்மா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். கேள்வி அநியாயம் என்று தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கிளம்பும்போது தைசியா பின்னாலிருந்து, "கெழங்கு கொஞ்சம் எடுத்துட்டுப் போ, ரிம்மா கிளெபொவ்னா" என்றாள். ரஷ்யர்கள் வழக்கத்தில் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை. பிறந்தது முதல் அவள் ரிம்மா அர்க்காதியெவ்னா, அர்க்காதியின் மகள். கிளெபொவ்னா என்றால் கிளெப்பின் மகள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஆனாலும் அடுத்த நாளும் அப்பாவைக் கொண்டுபோய் விட்டாள். அதற்கடுத்த நாளும். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சாப்பிட்டார், தூங்கினார், காலையில் முகச்சவரம் செய்துகொண்டு வாசலில் காத்திருந்தார். வீட்டில் தன்னுடையவராகச் சுருங்கிச் சாவதைவிட, எங்கோ யாராகவோ உயிரோடு இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் அவளை கிளெபொவ்னா என்று கூப்பிடும்போது மட்டும் காது கேட்காதவள்போல ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் யாரும் அவளிடம் கோபப்படவில்லை. அவள் பழகிக்கொள்ளும்வரை பொறுத்திருப்பவர்கள்போல எல்லோரும் புன்னகை செய்தார்கள். அந்தப் புன்னகையைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

குளிர்காலம் முடிகிற சமயம். ஒரு மாலை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டார்.

"தினமும் எனக்காக இவ்வளவு தூரம் காரோட்டறீங்க. ரொம்ப நல்ல மனசும்மா உங்களுக்கு. உங்கப்பா என்ன பண்றாரு?"

ரிம்மா அவர் முகத்தைத் தேடினாள். விளையாட்டு இல்லை. உண்மையான அக்கறை இருந்தது.

"வாத்தியாரு" என்றாள். "பூகோளம் சொல்லிக் குடுத்தாரு."

"நல்ல வேல. இருக்காரா?"

அவள் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாளைக்கே புரூக்ளினுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆளில்லாத பெஞ்சு பரவாயில்லை, மௌனம் பரவாயில்லை. வெளியே வந்து சொன்னபோது அவர் தலையாட்டினார். "பத்திரமா போயிட்டு வாங்க" என்றார்.

காலையில் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ரொதியோனின் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது. அப்பாவின் கட்டில் காலி. கறுப்புக் கோட்டும் இல்லை.

அவள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏரிமேல் மூட்டம் அடர்ந்திருந்தது. காற்றில் குளிர் குறைந்து ஈரம் ஏறியிருந்தது. கிழவர்கள் சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு அவசரமாகக் கரையேறிக்கொண்டிருந்தார்கள்.

"பனி முனகுது, எல்லாரும் வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றான் ரொதியோன். முதல்தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "அவரு மட்டும் கேக்கல. தூண்டில்ல ஏதோ கனமா மாட்டியிருக்கு, நீங்க போங்கங்கறாரு. நான் போனா என் கனத்துக்கு ரெண்டு பேரும் உள்ளதான்."

தூரத்தில் ஒரு பெட்டியின்மேல் முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். ரிம்மா பனிமேல் கால் வைத்தாள். கட்டையின் உள்ளுக்குள்ளிருந்து வருவதுபோல நீளமாக ஒரு சத்தம் வந்தது. ரொதியோன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா" என்று கத்தினாள். அவர் அசையவில்லை. "அப்பா, வந்துடுங்க. அர்க்காதி ல்வோவிச்." முழுப் பெயரையும் கத்தினாள், பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிடுவதுபோல. தூண்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டே அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

தைசியா பக்கத்தில் வந்து நின்றாள். போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "எந்தப் பேருக்குத் திரும்புவாருன்னு ஒனக்குத் தெரியும்" என்றாள். "நான் கூப்பிட்டா வர மாட்டாரு. எங்களுக்குள்ள மனத்தாங்கல் அப்படி. மக கூப்பிட்டா வருவாரு."

அந்தப் பெயரைச் சொன்னால் அப்பாவைத் தன் வாயாலேயே புதைத்த மாதிரி. சொல்லாவிட்டால் ஏரி புதைத்துக்கொள்ளும். அவர் உயிரோடு வந்தால் போதும், யாராக வந்தாலும் போதும் என்று நினைத்துக்கொண்டாள். கைகளை வாயருகே குவித்தாள்.

"கிளெப் மத்வேயிச்."

மூட்டத்துக்குள் இரண்டு பேர் திரும்பினார்கள்.

பெட்டியின்மேல் இருந்தவர் எழுந்து நின்றார். அவருக்கும் அப்பால், பனி மெலிந்து நீர் கறுப்பாகத் தெரிந்த இடத்தில், இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அதே உயரம், அதே அகலக் கோட்டு. ரொதியோன் கரையிலிருந்தவர்களை விரல் நீட்டி எண்ணினான், மறுபடி எண்ணினான். எல்லோரும் இங்கேதான் இருந்தார்கள். தைசியா யாரையும் எண்ணவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து கோப்பையில் தேநீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

மூட்டம் இறங்கி இரண்டு பேரையும் மூடியது. விலகியபோது ஒருவர், பெட்டியின்மேல் இருந்தவரோ அப்பால் நின்றவரோ, கரையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். மற்றவர் அங்கேயே நின்று கையை உயர்த்தியிருந்தார். விடைபெறுகிறாரா, கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை. ரிம்மா அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் வருகிறவர் நின்றுவிடுவாரா, நிற்கிறவர் வர ஆரம்பிப்பாரா? பனியின்மேல் காலடிச் சத்தம் ஒரே சீராக நெருங்கி வந்துகொண்டிருந்தது.