பன்னிரண்டு தெர்மோகோல் குழந்தைகள்

பூனாவை ஒட்டிய நிக்டியில் சாவித்ரி படித்த ஜூனியர் காலேஜில் மொத்தம் பன்னிரண்டு குழந்தைகள். ஒன்றும் அழாது, ஒன்றும் ஈரம் பண்ணாது. எல்லாம் தெர்மோகோலில் வெட்டி, போஸ்டர் கலர் அடித்து, முதுகில் நம்பர் போட்டு, டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர் என்கிற சாமான் கணக்கில் பீரோவுக்கு அடுத்த வரியில் ஏற்றப்பட்டவை. நாலாம் நம்பரின் காதை எலி தின்றுவிட்டது. அதைக் கழித்துக்கட்ட ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி இன்னும் கூடவில்லை.

படிப்பின் பெயர் என்னவோ பெரிதுதான்: க்ரெஷ் அண்ட் ப்ரீஸ்கூல் மேனேஜ்மென்ட். சாவித்ரியின் அப்பா சந்திரமௌலி கோயம்புத்தூர் சொந்தக்காரர்களிடம் அதன் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லுவார். பொண்ணு மேனேஜ்மென்ட் படிக்கிறாள். வீட்டுக்குள் அவர் வைத்த பெயர் வேறு: ஆயா வேலை. அதனால் சாவித்ரிக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தால் பால்வாடி டீச்சராகப் போகலாம். வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் கிளாஸில் சேரவேண்டும். சாவித்ரிக்கு ஊரில் வேறு எந்த வேலையும் வேண்டாம், அது ஒன்றுதான் வேண்டும்.

பாடத்திட்டத்தில் என்னவோ நிஜக் குழந்தைகளோடு இருபது நாள் இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது. படிப்பு ஆரம்பித்த முதல் வருஷம் கூட்டிக்கொண்டும் வந்தார்களாம். அதில் ஒன்று பிரின்சிபாலின் புதுக் கார்ப்பெட்டில் மூச்சா போய்விட்டது. அன்றோடு நிஜக் குழந்தைகளுக்குக் காலேஜில் இடமில்லை. பெண்கள் தெர்மோகோல் குழந்தைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள், கதை சொன்னார்கள், கைகழுவக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு போன வருஷத்து அக்காக்களின் ஜர்னலை, அதாவது பிராக்டிகல் ரெக்கார்ட் நோட்டை, வாங்கி, நோக்கம், பொருட்கள், செய்முறை, ரிசல்ட், முடிவு என்று கமா பிசகாமல் காப்பி அடித்தார்கள். பூனா காலேஜ்களில் ஜர்னல் முடிக்காமல் பரீட்சை ஹாலுக்குள் கால் வைக்க முடியாது. எதை முடித்தோம் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

சாவித்ரிக்கு அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்பவர்களின் குழந்தைகளுக்காகத் தகரக் கொட்டகையில் ஒரு பால்வாடி. இருபது நாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி ஜர்னலில் எழுதிக்கொண்டு வந்தாள்.

ஜர்னலைத் திருத்திய தாம்லே மேடம் மூன்றாவது பிராக்டிகலிலேயே நின்றுவிட்டார். நோக்கம்: சிவப்பு நிறத்தை அறிமுகம் செய்தல். ரிசல்ட்: ராஜு சிவப்பு கிரேயானைத் தின்றுவிட்டான். முடிவு: அடுத்த முறை சாப்பாட்டுக்குப் பிறகு அறிமுகம் செய்யவேண்டும்.

ரிசல்ட் தப்பு என்றார் மேடம். அவர் கெட்டவர் இல்லை, கையெழுத்துப் போடத்தான் அவருக்கும் ஆசை. கெமிஸ்ட்ரி லேபில் கலர் மாறவில்லை என்றால் புத்தகத்தையா திருத்துவார்கள், திரும்பச் செய்யச் சொல்லுவார்கள் இல்லையா என்று பொறுமையாக விளக்கினார். பதினாலு பிராக்டிகலுக்கும் புத்தகத்தில் என்ன ரிசல்ட்டோ அது வரவேண்டும். எண்ணெய்க் கறை இல்லாத புது ஜர்னலில் வரவேண்டும். திங்கட்கிழமைக்குள் வரவேண்டும்.

சாவித்ரி எழுதினாள். ராஜு கிரேயானைத் தின்னாமல் சிவப்பை அடையாளம் காட்டினான். கதை நேரத்தில் மண்ணைக் கொட்டிச் சண்டை போட்ட நாலு பேரும் கைகட்டி உட்கார்ந்து நீதியைச் சொன்னார்கள். எழுத எழுத அவளுக்கு அவமானமாக இருந்தது, ஆனால் பேனா நிற்கவில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் வேண்டுமே. பதின்மூன்று பொய்களை ஒரே ராத்திரியில் அழகான கையெழுத்தில் எழுதி முடித்தாள்.

பதினாலாவதில் பேனா நின்றது. நோக்கம்: பேசாத குழந்தையைப் பேசவைத்தல். புத்தகத்து ரிசல்ட்: பதினைந்து நிமிடத்தில் குழந்தை மகிழ்ச்சியுடன் பதிலளித்தது.

கொட்டகையில் பவுன் என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. நாலு வயசு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்து வேலைக்காரர்களின் மகள். மராத்தி தெரியாது என்று சாவித்ரி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் பேசிப் பார்த்தாள். பதினோரு நாள் அது வாயே திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தானாக வந்து பாவாடையைப் பிடித்து இழுத்து, "அக்கா, மூக்கு ஒழுகுது" என்றது. அந்தப் பதினோரு நாளைப் பதினைந்து நிமிடமாக ஆக்க சாவித்ரிக்குக் கை வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மேடம் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பதினாலாவதைச் சிவப்பு மையில் சுழித்தார். முறை தவறு, காலதாமதம். மார்க் ஷீட் வந்தபோது ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு மூன்று மார்க் குறைந்தது.

சந்திரமௌலி சத்தம் போடவில்லை. மூன்று மார்க் எங்கே போனது என்று பார்க்க ஜர்னலைக் கேட்டார். சாவித்ரி இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள், கறைபிடித்த பழையதையும் சுத்தமான புதியதையும். அவர் சாகணில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவர். ஒரே வேலைக்கு இரண்டு ரிப்போர்ட் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தார். கிரேயான் பக்கத்தில் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பதினாலாவதற்கு வந்ததும் ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

"அப்புறம்?" என்றார்.

"என்னப்பா அப்புறம்?"

"பன்னெண்டாம் நாள் பேசுச்சு. அதுக்கப்புறம் பேசுச்சா?"

நிறையப் பேசியது என்றாள் சாவித்ரி. பிறகு கட்டடம் முடிந்துவிட்டது. மேஸ்திரி எல்லோரையும் சாங்விப் பக்கம் வேறு சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே பால்வாடி இருக்கிறதா, பவுன் யாரோடாவது பேசுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மார்க்குக்கு வராத அழுகை.

மறுநாள் வியாழக்கிழமை, அவருக்கு வார லீவு. கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்க்கக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சந்திரமௌலி இரண்டு ஜர்னலையும் மூடினார்.

"மேஸ்திரி பேரு தெரியுமா?"

"லூர்துசாமின்னு கூப்பிடுவாங்க."

"காலைல பத்து மணிக்கு ரெடியா இரு. சாங்வில எத்தனை சைட்டு இருந்துடப் போகுது, போய்த் தேடிப் பார்ப்போம்."