மருதாணி ஏறிய தந்திகள்

கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி ஓரான் நகரத்தின் மேல் ஈரத் துணி போலப் படுத்துக் கிடந்தது. நஃபீசா தன் பேஸ் கிதாரை முதுகில் சுமந்துகொண்டு பென்அவுதாவின் இசைக்கருவி பழுதுபார்க்கும் கடைக்கு வந்து சேர்ந்தபோது எதிர்ச் சாரி வீடுகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கனவில் நடந்து வந்த மாதிரிதான் இருந்தது.

"வியாழக்கிழமைக்குள்ள இது பேசியாகணும்" என்று சொல்லி உறையோடு மேசைமேல் வைத்தாள். "இல்லேன்னா ஷேக்கா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவா."

ஷேக்கா என்றால் அவர்கள் குழுவின் தலைமைப் பாடகி கைரா. பெண்கள் மட்டும் கூடும் கல்யாண விருந்துகளில் பாடுகிற குழு அது. போன வாரம் அவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். "அடியே, உன் கிதார் போர்வைக்குள்ள இருமுற மாதிரி இருக்கு. அடுத்த கல்யாணத்துலயும் இப்படின்னா, கீபோர்டுக்காரி இடது கையாலேயே உன் வேலையைப் பார்த்துக்குவா."

அண்ணன் வீட்டில் நஃபீசா பிள்ளைகளுக்கு அத்தை, அண்ணிக்கு நாத்தனார், பக்கத்து வீடுகளுக்கு 'இன்னும் ஆகலையா' என்ற கேள்வி. அந்தக் கனத்த கிதாரைத் தோளில் மாட்டும்போதுதான் அவளுக்குத் தன் பெயரே நினைவுக்கு வரும். அதைப் பிடுங்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பென்அவுதா காதோரம் நரைத்தவர். மனைவி இறந்த பிறகு கடையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறவர். கிதாரை ஒலிபெருக்கியில் இணைத்து ஒவ்வொரு தந்தியாக மீட்டினார். 'தொப்' என்று விழுந்து செத்தது ஓசை.

"யாரு இதுல கை வச்சது?"

"நான்தான். சத்தம் மந்தமாச்சுன்னு தந்திக்குக் கீழே இருக்கிற காந்தத்தை மேலே ஏத்தினேன். அப்புறம் தந்தியை இறக்கினேன். அப்புறம்..."

"அப்புறம் கண்ணுல பட்ட திருகாணியையெல்லாம் திருகினீங்க."

"எல்லாத்தையும் இல்ல. ரெண்டு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். "காந்தம் இவ்வளவு கிட்ட வந்தா தந்தியைப் பிடிச்சு இழுக்கும், ஆட விடாது. தந்தியை ரொம்ப இறக்கினா கழுத்துல குறுக்கே இருக்கிற மெட்டுக் கம்பியில உரசும். ஆனா இதெல்லாம் நீங்க பண்ணின வைத்தியம் லல்லா நஃபீசா. நோய் வேற எங்கேயோ இருக்கு."

மரியாதைக்கு 'லல்லா' போட்டு அழைத்துக்கொண்டே காந்தத்தைத் தாழ்த்தினார், தந்திகளை உயர்த்தினார், கழுத்து வளைவைக் கண்ணோரம் வைத்துப் பார்த்துச் சரிசெய்தார். உரசல் நின்றது. மந்தம் போகவில்லை. பேட்டரியை மாற்றினார், அப்படியேதான் இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத் துணியால் தடித்த தந்தியை அழுத்தித் துடைத்தார். துணியில் செம்பழுப்புக் கோடு ஒன்று விழுந்தது.

"இது என்ன?"

"கடலைமாவுக் கரந்திக்கா சாப்பிட்டுட்டு வாசிச்சிருப்பேன். அதுல தடவுற ஹரிசா மிளகாய் விழுது ஒட்டியிருக்கும்."

அவர் துணியை முகர்ந்து பார்த்தார். "கிராம்பும் ஆரஞ்சுப் பூவும் வாசனை வர்ற ஹரிசாவை எந்தக் கடையில விக்கிறாங்க?"

நஃபீசாவின் காது சூடானது. பொய்யைத் தொடர அவளுக்கு வாய் வரவில்லை. "மருதாணி" என்றாள் மெதுவாக. "மணப்பொண்ணு கிண்ணத்துல இருக்கிறதைக் கல்யாணமாகாதவங்க கொஞ்சம் எடுத்து வச்சுக்கிட்டா..."

முடிக்கவில்லை. ஓரானில் அதை யாரும் முடித்துச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும், இடைவேளையில், யாரும் பார்க்காதபோது விரல் நுனியில் தொட்டுக்கொள்வாள். அது காய்வதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிடும்.

அவர் சிரித்துவிடுவார் என்று பயந்து தரையைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை பொண்ணுங்களோட மருதாணி இதுல இருக்கு?"

"எண்ணல."

"தந்தியைச் சுத்தியிருக்கிற கம்பி இடுக்கெல்லாம் எண்ணெயும் பசையுமா இறுகிப்போயிருக்கு. இத்தனை கல்யாணத்தையும் தூக்கிக்கிட்டு அது எப்படிப் பாடும்?"

தந்திகளைக் கழற்றிச் சுருட்டி, தன் மதியச் சூப்புப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தார்.

"இதுல நாளைக்கு நீங்க சாப்பிடணுமே?"

"கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

தண்ணீர் கொதித்தது. தந்திகளிலிருந்து செந்நிறம் மெல்லிய நூலாகப் பிரிந்து, சுழன்று, கரைந்தது. ஆவி மேலே எழ, அதற்குள் கைகள் தெரிவதுபோல் அவளுக்குத் தோன்றியது. வளையல் போட்ட கைகள், நடுங்கும் கைகள், தாயின் மடியில் விரித்து வைத்த உள்ளங்கைகள். ஒவ்வொன்றாய் அவளிடம் விடைபெற்றுக்கொண்டு வெளியே பனிக்குள் போயின. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. அவர் புதினாத் தேநீரைக் கையில் கொடுத்தபோதுதான் திடுக்கிட்டு விழித்தாள்.

தந்திகளை உலர்த்தி மாட்டி, சுருதி கூட்டி, தந்தியை அழுத்தாமல் மீட்டியபோதும் நடு மெட்டில் அழுத்தி மீட்டியபோதும் ஓசை ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பிறகு மீட்டச் சொன்னார். மேசைமேல் இருந்த தேநீர்க் கண்ணாடி அதிர்ந்தது.

"கொஞ்ச வாரத்துக்குத் தாங்கும். ஆனா கல்யாணக் கூடத்துல எப்படிக் கேக்குதுன்னு தெரியணுமே. உள்ளே நான் வர முடியாது." துணியை மடித்து வைத்தார். "பாட்டு, குலவை எல்லாம் சுவரோட நின்னுடும். இந்தக் கிதாரோட கனத்த ஓசை மட்டும்தான் தெருவுக்கு வரும். எதிர்ச் சாரியில நின்னு கேக்கிறேன்."

வியாழன் பிற்பகல். கூடம் முழுக்கப் பட்டும் அத்தரும் குலவையும். முதல் பாட்டிலேயே நஃபீசாவின் ஓசை தரையில் இறங்கி ஓடியது. பாதங்கள் அதைக் காதுக்கு முன்னால் கேட்டன. ஷேக்கா கைரா பாடியபடியே திரும்பி, கீபோர்டுக்காரியைப் பார்த்தாள்.

"இடது கையை எடுத்து மடியில வச்சுக்கோடி. அந்த இடத்துக்குச் சொந்தக்காரி வந்துட்டா."

நஃபீசாவுக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை.

அப்போது மணப்பெண்ணின் அத்தை கிண்ணத்தோடு வந்தாள். "கையை நீட்டு மகளே. இந்த வருஷம் உனக்கும் வரட்டும்."

"கை வேலையா இருக்கு அத்தை."

"பாட்டு முடியறதுக்குள்ள கிண்ணம் காலியாயிடும்டி!"

"ஆகட்டும் அத்தை."

"இவளைப் பாருங்கடி, யாரோ வாசல்ல காத்திருக்கிற மாதிரில்ல பேசுறா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நஃபீசா தலை குனிந்து, தடித்த தந்தியை ஆழமாக மீட்டினாள். ஓசை சுவருக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியேறுவதை அவளால் உணர முடிந்தது.

விருந்து கலைந்து வெளியே வந்தபோது தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. பென்அவுதா எதிர்ச் சாரியில், மூடிக் கிடந்த ஏதோ ஒரு கடையின் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் தோளெல்லாம் பனி.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பிரமாதம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா மேல் மெட்டுல ஒரு நோட்டு இன்னும் கொஞ்சம் மந்தமா இருக்கு. சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வாங்க."

அன்று அவள் மேல் மெட்டுப் பக்கம் போகவே இல்லை.

"ஒண்ணு இல்ல" என்றாள் நஃபீசா, கிதாரைத் தோளில் சரிசெய்துகொண்டே. "ரெண்டு நோட்டு."