கையில் நின்ற அட்சதை

நர்கீஸின் கல்யாண ஆல்பத்தில் நர்கீஸின் படம் ஒன்றுகூட இல்லை. திண்டுக்கல் பேகம்பூரில் முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்த கல்யாணம் அது. படம் எடுக்க வந்தவர் ஆண் என்பதால் பெண்கள் இருந்த வீட்டுக்குள் அவரை விடவில்லை. மாப்பிள்ளை அப்துல் வாஹித் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். ஆண்கள் வரிசையாக அமர்ந்து பிரியாணி சாப்பிடுகிறார்கள். மணப்பெண் என்று ஒருத்தி இருந்ததற்கு அடையாளம், சாத்திய கதவும் அதன் முன்னால் குவிந்து கிடந்த பெண்களின் செருப்புகளும்தான்.

அவர்களுடைய மகள் ருக்ஸார் பன்னிரண்டு வயதில் அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "நீ எங்கம்மா இருக்க?" என்று கேட்டாள்.

"அந்தக் கதவுக்கு உள்ளதான் இருந்தேன்," என்றாள் நர்கீஸ். வருத்தமாகச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். ருக்ஸாருக்கு மட்டும் அது மனதில் தங்கிவிட்டது.

கல்லூரி முடித்ததும் ருக்ஸார் ஊரிலிருந்த ஸ்டுடியோக்களுக்கு வீட்டிலிருந்தபடியே ஆல்பம் டிசைன் செய்து கொடுத்தாள். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படங்கள் வரும். அவற்றில் நூற்றைம்பதைத் தேர்ந்தெடுத்து அடுக்க வேண்டும். ஆறு வருடங்களில் திண்டுக்கல்லைச் சுற்றி நடந்த கல்யாணங்களில் பாதியை, எதற்கும் போகாமலே அவள் பார்த்துவிட்டாள். மேடை, பரிசுப் பொட்டலம், சிரிக்கச் சொன்னதால் வந்த சிரிப்பு. எல்லா ஆல்பமும் ஒன்றுபோலவே இருந்தது. கழித்துக் கட்டிய படங்கள்தான் அவளுக்குப் பிடித்தன. பந்தியில் யாரையோ தேடும் பெண்ணின் அம்மா, மாலை உறுத்துகிறது என்று கழுத்தைச் சொறியும் மாப்பிள்ளை, கூட்டத்தில் செருப்பைத் தவறவிட்டு ஒற்றைக் காலில் நிற்கும் சித்தி. ஸ்டுடியோக்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன அந்தப் படங்களை அவள் தனியாக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். படம் எடுப்பதை அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

பிறகு, பழைய கேமரா ஒன்றை வாங்கி, பக்கத்துத் தெரு நிக்காஹ் ஒன்றில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுக்கப் போனாள். பெண் என்பதால் உள்ளே விட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: "எங்க வீட்டுப் பொம்பளைக படம் வெளிய போகக் கூடாதும்மா. போன்லயும் வரக் கூடாது." ருக்ஸார் சரி என்றாள். சொன்னபடியே நடந்தாள். நான்கு வருடங்களில் அறுபது வீடுகளுக்குள் போய்விட்டாள். புர்கா கழற்றி, முடி அவிழ்ந்து, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு பெண்கள் இருந்த அறைகள் அவை. ஆனால் அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மருதாணிக் கைகளும் பூப்பந்துகளும் வளையல் பெட்டிகளும் மட்டுமே இருந்தன. அவளைத் தெரியாதவர்கள் அது ஏதோ கடை விளம்பரம் என்றே நினைத்தார்கள்.

அவள் எடுத்ததிலேயே அவளுக்குப் பிடித்த படம் சைனம்புவின் நிக்காஹில் கிடைத்தது. மணப்பெண்ணின் சம்மதம் கேட்க அவளுடைய அப்பா அப்துல் ஹக்கீம் இரண்டு சாட்சிகளோடு அறை வாசலுக்கு வந்தார். சைனம்பு மெதுவாகச் சொன்னாள். வெளியே நின்ற சாட்சிக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாம் முறை அவள், "சம்மதந்தேன் அத்தா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். அறையே சிரித்தது. படத்தில் சைனம்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைக்கிறாள். சைனம்புவின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாள், பல்லில் கடித்த நாரை விடாமல் சிரிக்கிறாள். ஜக்கம்மாள் அகரத்தில் மல்லிகை போட்டிருக்கும் விவசாயி வீட்டுப் பெண். கல்யாண வீடுகளுக்குப் பூக்கட்டிக் கொண்டுவந்து கொடுப்பவள்.

அந்தச் சமயத்தில் மதுரையில் பெரிய கல்யாணங்களை எடுக்கும் ஒரு நிறுவனம் பெண் புகைப்படக்காரர்களைத் தேடியது. பத்துப் படங்கள் அனுப்பச் சொன்னார்கள். ருக்ஸாரிடம் காட்டக்கூடிய படங்கள் ஒன்பது இருந்தன. பத்தாவதாக எதை வைக்க ஆசைப்பட்டாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொடைரோட்டில் புகுந்த வீட்டில் இருந்த சைனம்புவைப் பார்க்க பஸ் ஏறினாள்.

சைனம்பு டீ போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டாள்.

"அக்கா, நீங்க கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது," என்றாள். "அதனால நீங்க கேக்காதீங்க."

"சரி, நான் கேக்கல."

"கோவமா?"

"இல்ல புள்ள. கேக்கத்தான் வந்தேன், கேக்காம போறேன். அம்புட்டுத்தான்."

ருக்ஸார் ஒன்பது படங்களையே அனுப்பினாள். மதுரையிலிருந்து மரியாதையாகவே பதில் வந்தது. படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் நாங்கள் மனிதர்களை எடுப்பவர்களைத் தேடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு அடுப்படிக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் கல்யாணத்துக்கு வந்து செருப்பைப் படம் எடுத்துட்டுப் போனாரே, ஊருக்கு நானும் அவரு மாதிரிதாம்மா தெரியுறேன்."

நர்கீஸ் அடுப்பைத் தணித்தாள். "ஊருக்குத் தெரியாட்டி என்ன, உள்ள இருந்தவகளுக்குத் தெரியும்ல," என்றாள். ருக்ஸாருக்கு அது ஆறுதலாக இல்லை. பழையபடி டிசைன் வேலைக்கே போய்விடலாமா என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் ஜக்கம்மாள் வீடு தேடி வந்தாள். பூக்கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சைனம்பு புள்ள வீட்டுல ஆல்பத்தைக் காட்டுனாக தாயி. நாரைக் கடிச்சுக்கிட்டு ஒருத்தி சிரிக்கிறா. யாரு இவன்னு கேட்டுப்புட்டேன். அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாக. நான்தானாம்." சொல்லும்போதே அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. "தை மாசம் எங்க மக ஜீவிதாவுக்குக் கல்யாணம். நீதான் வரணும்."

"நான் உங்க பக்கத்துக் கல்யாணம் எதுவும் எடுத்ததில்லையேக்கா."

"அதுக்கென்ன, மனுசங்கதான வருவாக."

தாடிக்கொம்பில் ஒரு மண்டபம். எந்தச் சடங்குக்கு அடுத்து எது என்று முன்கூட்டியே ஜக்கம்மாளிடம் கேட்டு ருக்ஸார் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஆனால் நான்கு வருடங்களாகச் சிறிய அறைகளில் எடுத்துப் பழகியவளுக்கு அந்த மேடை புதிது. மாப்பிள்ளை சிவபிரகாஷ் வீட்டார் கூட்டி வந்த மூன்று பேர், விளக்கும் வீடியோவுமாக மேடையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன், "செத்த தள்ளி நில்லுங்கக்கா" என்று சொல்லிச் சொல்லியே அவளை ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டான். கெட்டிமேளம் முழங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுந்து நெருங்கினார்கள். ருக்ஸாரின் கண்ணுக்கு எதிரே நாலைந்து சட்டை முதுகுகள்தான் தெரிந்தன. நுனிக்காலில் எக்கிப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தாலி ஏறிவிட்டது.

அவள் திரும்பி நின்று, கண்ணில் பட்ட முகங்களை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் போட்டுப் பார்த்தாள். தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆல்பம் கொடுக்கும்போது அவர்களே கண்டுபிடித்துக் கேட்பதைவிட நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று மூன்றாம் நாள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அகரத்துக்குக் கிளம்பினாள். கேமராப் பையும் பழக்கத்தில் தோளில் ஏறிக்கொண்டது. மறுவீட்டுக்கு வந்திருந்த ஜீவிதாவும் சிவபிரகாஷும் அங்கே இருந்தார்கள். ஜக்கம்மாளின் கணவர் பொன்னுத்துரை அப்போதுதான் பூந்தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டுன படம் என்கிட்ட இல்லக்கா," என்றாள் ருக்ஸார், உட்காராமலேயே. "மறைச்சுட்டாங்கன்னு சொல்லலாம். ஆனா இடம் பிடிச்சு நிக்கத் தெரியாதது என் தப்புதான்."

ஜக்கம்மாளின் முகம் சுருங்கியது. ஜீவிதாதான், "அவுக வீட்டு ஆளுங்க இருபது எடுத்துருக்காகம்மா," என்றாள். "அக்கா, நீங்க எடுத்ததைக் காட்டுங்க."

ருக்ஸார் ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லோரும் அட்சதை வீசும் படம் வந்தது. காற்றில் மஞ்சள் அரிசி பறக்கிறது, எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன. நடுவில் பொன்னுத்துரை மட்டும் அட்சதையை இறுக்கி மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மகளையே பார்த்தபடி நிற்கிறார். அடுத்த படத்திலும் அப்படியே நிற்கிறார். அதற்கடுத்த படத்தில் மற்றவர்கள் வாழ்த்திவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அவர் கை இன்னும் மூடித்தான் இருக்கிறது.

"ஏன்யா, நீ அட்சதையே போடலையா?" என்று கேட்டாள் ஜக்கம்மாள்.

பொன்னுத்துரை ஈரக்காலோடு வந்து குனிந்து பார்த்தார். "போட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார். மறுபடி பார்த்தார். "மேளம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எனக்கு நெனவே இல்ல. அந்த அரிசியை என்ன செஞ்சேன்னும் தெரியல."

ஜீவிதா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று ருக்ஸார் நினைத்தாள். அவள் ஒரு கிண்ணத்தில் அரிசியும் மஞ்சளும் கலந்து எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். சிவபிரகாஷைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினாள். இருவரும் குனிந்தார்கள்.

"இப்பப் போடுங்கப்பா."

அவர் போட்டார். முதல் பிடியைப் போட்டுவிட்டு இன்னொரு பிடி எடுத்துப் போட்டார். கண் நிறைந்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை. ருக்ஸார் பையைத் திறந்து கேமராவை எடுத்து அதையும் எடுத்தாள். இந்த முறை யாரும் மறைக்கவில்லை.

ஆல்பத்தில் எதை வைப்பது என்று பேச்சு வந்தது. ஜக்கம்மாள் அட்சதை போடும் படம்தான் என்றாள். பொன்னுத்துரை, "போடாம நிக்கிறதையே வை பாப்பா. அன்னைக்கு நடந்தது அதுதான்," என்றார்.

கிளம்பும்போது ருக்ஸார் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளுக்குக் கேட்டுத்தான் பழக்கம். "ஐயா, நீங்க கையை மூடிட்டு நிக்கிற படத்தை என் இன்ஸ்டாகிராம் பக்கத்துல போடலாமா? ஊர்ப்பட்ட பேரு பாப்பாக."

அவர் யோசித்தார். "அழுதுட்டு நிக்கிறேன்னு சொல்லுவானுகளே."

"நீங்க அதுல அழலையே ஐயா."

"ஆமா, அன்னைக்கு அழல." அவர் மனைவியைப் பார்த்தார். "சரி, போட்டுக்க."

பேகம்பூரிலிருந்து மனிதர்கள் இல்லாத படங்களையே போட்டுக்கொண்டிருந்த அந்தப் பக்கத்தில் முதல் முறையாக ஒரு முகம் வந்தது. இரண்டு நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். தங்கள் கல்யாணத்தில் அப்பா என்ன செய்தார் என்று பலர் கீழே எழுதினார்கள். நர்கீஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். மதுரை நிறுவனத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ருக்ஸாரும் அதைத் தேடவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"ஏனுங்க, அட்சதை போடாம நிக்கிறாரே ஒரு பெரியவரு, அந்தப் படம் நீங்க எடுத்ததுங்களா?"

"ஆமாங்க."

"வைகாசியில எனக்குக் கல்யாணம்ங்க. எங்கப்பாவையும் அதே மாதிரி எடுத்துத் தருவீங்களா? கையை மூடிட்டு நிக்கச் சொல்லி நான் வேணா சொல்லி வெக்கிறனுங்க."

ருக்ஸாருக்குச் சிரிப்பு வந்தது. நோட்டை எடுத்துப் பேனாவைத் தேடினாள்.

"அதெல்லாம் சொல்லி வைக்காதீங்க. உங்கப்பா அன்னைக்கு என்ன செய்வாருன்னு அவருக்கே தெரியாது. நான் பக்கத்துலயே இருக்கேன். தேதியைச் சொல்லுங்க."