பங்கு விழாத நாட்கள்

ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் வாசலில் ஒரு பலகை நிற்கும். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண் இருக்கும். டிவி, பத்திரிகை என்று இரண்டையும் நடத்துகிற மணிக்கூண்டு மீடியாவின் அச்சகத்திலும் அப்படியொன்று உண்டு. காலை ஷிப்டு தொடங்கும்போது அந்த எண்ணை மாற்றுவது சசிரேகாவின் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதற்குக் கீழே அவளாகச் சேர்த்த வரி ஒன்றும் இருந்தது: ‘பங்கு விழாத நாட்கள்: 0’. இந்த எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் மட்டும் இதுவரை வந்ததேயில்லை.

மூன்று தீபாவளிக்கு முன்னால், போனஸுக்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் கம்பெனிப் பங்கைக் கொடுத்து, “இனிமே நீங்க எல்லாரும் முதலாளிங்க” என்று கேக் வெட்டினார்கள். அன்றைக்கு ஒரு பங்கை விற்றால் வீட்டுக்கே பிரியாணி வாங்கலாம். இப்போது கேண்டீன் டீ வரும், வடை வராது. அழுது என்ன ஆகப்போகிறது? சிரித்தார்கள். ஒருவரையொருவர் முதலாளி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

“இன்னா முதலாளி, இன்னிக்கு எவ்ளோ எறக்கம்?”

“மேலேர்ந்து வுழற பொருளுக்குக் கீழ நிக்காதன்னு சேஃப்டி கிளாஸ்ல சொன்னாங்க இல்ல? நாம ஷேருக்குக் கீழயே நின்னுகினு கீறோம். ஹெல்மெட்ட மாட்டு.”

இந்த ஹெல்மெட் ஜோக் மெஷின் ஆபரேட்டர் கோதண்டத்துடையது. அந்த மனுஷனுக்குத்தான் திங்கட்கிழமை மதியம் உருளையைத் துடைக்கும்போது வலது கையில் இரண்டு விரல் மாட்டி நசுங்கிப்போனது.

நியாயமாக அன்றைக்கே விபத்தென்று பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை. ஹெச்.ஆர். மேனேஜர் வசந்தகுமார் தன் காரிலேயே ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போய், வீட்டு கேட்டில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லச் சொன்னார். லீவு போட்டால் கேள்வி வருமாம். மறுநாளே கட்டுப் போட்ட கையோடு வரவழைத்து, ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். வலியில் முகம் கறுத்துக்கிடக்கிற ஆளை! இதெல்லாம் மனுஷ ஜென்மமா?

சசிரேகாவும் ஒன்றும் யோக்கியமில்லை. செவ்வாய்க்கிழமை 212, புதன்கிழமை 213 என்று சொன்னபடி எழுதினாள். மூன்று வருஷமாக அவள் டிரெய்னி. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் இந்த மாதம்தான் வர வேண்டும். அதற்காக அவள் அம்மா மூட்டுவலியோடு குன்றத்தூர் மலைப்படி ஏறி வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஏறப்போகும் முன் ஸ்டோர் ரூமை எட்டிப் பார்த்தாள்.

“ரொம்ப வலிக்குதாண்ணா?”

“நானும் ஷேரும் ஒரே நாள்ல வுழுந்தோம்மா. அதுக்காவது டிவில செவப்பு அம்பு காட்டறாங்க.” கோதண்டம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “விபத்துன்னு பதிஞ்சாத்தான் இ.எஸ்.ஐ.ல எதனா கெடைக்குமாம். இந்தக் கையை வச்சிகினு கேட்டா எவன் எனக்கு மெஷின் குடுப்பான், சசி?”

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை முதலீட்டாளர்கள் அச்சகத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. விழுந்த பங்கைத் தூக்கி நிறுத்த வரும் புண்ணியவான்கள்! வசந்தகுமார் ஒரு ஃபைலோடு பலகைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

“கீழ ஏதோ கிறுக்கி வச்சிருக்கியே, அதை அழி. மேல 214 போடு. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் இதுலதாம்மா இருக்கு. மத்தியானம் கையெழுத்து போட்டுடறேன். நல்ல பொண்ணுல்ல?”

நல்ல பொண்ணாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டஸ்டரை எடுத்துக் கீழ்வரியை அழித்தாள்.

“இந்த போர்டுல இது ஒண்ணுதான் சார் உண்மையா இருந்துச்சு.”

“என்னம்மா சொன்ன?”

அதற்குள் கார்கள் வந்துவிட்டன என்று செக்யூரிட்டி குரல் கொடுக்க, அவர் கேட்டுக்கு ஓடினார்.

சசிரேகா டஸ்டரைக் கீழே வைக்கவில்லை. 213-ஐயும் அழித்தாள். அந்த இடத்தில் 2 என்று எழுதினாள். விபத்து நடந்த பிறகு கழிந்தது செவ்வாய், புதன், இரண்டே நாள்தானே? கீழே, கேலி வரி இருந்த இடத்தில் எழுதினாள்: ‘கடைசி விபத்து: திங்கட்கிழமை. கோதண்டம். வலது கை, இரண்டு விரல்.’ எழுத்து கோணவில்லை.

“அடிப்பாவி, என்னா காரியம்டீ பண்ண!” என்று பின்னாலிருந்து பேக்கிங் ரஞ்சனி வாயில் கைவைத்தாள். அடுத்த நிமிஷம் அதே கையால் செல்போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தாள். “இப்ப அழிக்கட்டும் பாக்கலாம்,” என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்தார்கள்.

விருந்தாளிகளோடு திரும்பிய வசந்தகுமார் பலகையைப் பார்த்ததும் அதன் முன்னால் போய் நின்றார். பலகை அவரைவிட அகலம். வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒரு அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார்.

“யாருங்க கோதண்டம்?”

“அது... பழசு மேடம்.” வசந்தகுமார் சசிரேகா பக்கம் திரும்பி, ஃபைலைத் தட்டிக்காட்டிப் பல்லைக் கடித்தார். “இந்த லெட்டர் உனக்கு வேணுமா, வேணாமா?”

“நீங்களே வச்சிக்கங்க சார்,” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “எங்க ஷேரையும் சேத்து வச்சிக்கங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோதண்டம் வெளியே வந்தார்.

“நான்தாம்மா கோதண்டம். இந்தக் கம்பெனியோட முதலாளி.”