இறுகாத ஆறு

மருந்துக்கடைக்காரருக்குக் கிளப்பில் 'அரைத்துளி' என்று பட்டப்பெயர். இருமல் மருந்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அரைத்துளி கூடாமல் குறையாமல் ஊற்றிக் கொடுக்கிற ஆள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கர்வம்தான்.

கிளப்பில் சனிக்கிழமைதோறும் மேசைமேல் போர் நடக்கும். விரல் உயரப் பொம்மைப் படைகள், தெர்மோகோல் மலைகள். அந்த மேசைக்கு ஓர் ஆறு வேண்டுமென்று அவர் தங்கையிடம் கேட்டார்கள். அவள் மூன்று வாரம் உட்கார்ந்து கரையைச் செதுக்கி, படுகைக்குப் பச்சையும் பழுப்புமாகப் பெயின்ட் அடித்தாள். தண்ணீரை மட்டும் அண்ணனிடம் விட்டாள். தண்ணீர் என்றால் ரெசின் என்கிற பிசின் திரவம். இரண்டு பங்கு ரெசினில் அதை இறுக வைக்கிற ஹார்டனரை ஒரு பங்கு கலந்து ஊற்றினால் ஒரே நாளில் கண்ணாடியாக இறுகிவிடும்.

அன்றைக்குப் பார்த்து அளவுக் குவளையைத் தேட அவருக்குச் சோம்பல். இருபது வருஷமாக ஊற்றுகிற கைக்குத் தெரியாதா என்று கண்ணளவாகக் கலந்து ஊற்றினார். ஒரு வாரமாகியும் ஆறு வெல்லப்பாகாகவே கிடந்தது. அதில் நிறுத்திப் பார்த்த குதிரைவீரனைத் தூக்கினால், குதிரை ஒட்டிக்கொண்டு வீரன் மட்டும்தான் கையோடு வந்தான்.

"என்னண்ணா ஆச்சு?" என்றாள் தங்கை.

"உன் பெயின்ட் சரியா காயல. ஈரத்து மேல ஊத்துனா எப்படி இறுகும்?"

வாய் கூசாமல் சொல்லிவிட்டார். அளவில் அண்ணன் தவறுவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை எல்லார் முன்னாலும், "என் அவசரத்தால வந்தது, மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் பக்கத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துப் புதிதாகச் செய்தாள். பெயின்ட் காய இரண்டு வாரம் விட்டாள். "தொட்டுப் பாருண்ணா, பொட்டு ஈரமில்ல. தைரியமா ஊத்து."

இந்தத் தடவை அவர் குவளையின் கோட்டைப் பார்த்துப் பார்த்து அளந்து ஊற்றினார். மறுநாள் ஆறு பளிங்காக இறுகியிருந்தது.

"பாத்தியா, தப்பு என்மேலதான்!" என்று குதித்தாள்.

ஒழுங்காகச் செய்த வேலையே பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது. அவர் கூனிக் குறுகிப்போனார். அவள் அதோடு விட்டாளா? கிளப் சுவரில் ஒட்ட ஒரு தாளும் எழுதினாள்: பெயின்ட் இரண்டு வாரம் காயாமல் யாரும் ரெசின் ஊற்றக் கூடாது.

"நீ ஒரு தடவை பாத்துடுண்ணா. நீ சரின்னா சரி."

இனிமேல் கிளப்பில் அத்தனை பேரும் அவர் சொன்ன பொய்க்காக இரண்டு வாரம் காத்திருப்பார்கள். தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பெயின்ட்ல ஒண்ணுமில்லம்மா. நான்தான் அளக்காம ஊத்துனேன்."

அவள் தாளை நாலாக மடித்தாள். வீணாய்ப் போன மூன்று வாரத்தைச் சொல்லித் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"அன்னிக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டேனே," என்றாள். "நீ பக்கத்துலதானே நின்ன?"

"நின்னேன்," என்றார்.