பதினோரு நாள் முந்தி

அறையில் இருந்தவர்கள்: காப்புரிமை அதிகாரி, எதிர்க் கம்பெனியின் வக்கீல், வாசலில் சாவிக்கொத்தோடு பியூன், அவள், அவள் தம்பி. மேஜை மேல் அவள் ஆறு வருஷம் மாரடித்துச் செய்த பெட்டி. எந்த இரைச்சலிலிருந்தும் பேச்சை மட்டும் பிரித்துத் தரும்.

கேள்வி ஒன்றுதான். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சூட்சுமத்தை ஊரறியச் சொல்லிவிட்டாளா? சொல்லியிருந்தால் காப்புரிமை கிடையாது.

வக்கீல் வீடியோவை ஓட்டினார். அக்கா பெருமை தாங்காமல் தம்பி இணையத்தில் போட்டது. விண்ணப்பத்துக்குப் பதினோரு நாள் முந்தி. பட்டறையில் பெட்டியைத் திறந்துவைத்து அவள் வாயசைக்கிறாள். பக்கத்தில் ஜெனரேட்டர் அலறுகிறது. ஒரு சொல்லும் புரியவில்லை.

"உன்னை யாருடா இதைப் போடச் சொன்னது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசினது நீதானேக்கா. கேமரா பிடிச்சே என் கை விட்டுப்போச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணும் கேக்கலையே வக்கீல் சார். நான் என்னன்னு எழுதறது?"

போன உயிர் பாதி திரும்பியது அவளுக்கு.

"மேடமோட பெட்டிதான் இருக்கே சார்," என்றார் வக்கீல். "அதுல போட்டுக் கேப்போம். அப்பவும் கேக்கலைன்னா, பெட்டி வேலை செய்யலைன்னு எழுதிக்குங்க."

"ஒயர் லூசுன்னு சொல்லிடுக்கா," தம்பி காதைக் கடித்தான்.

ஒயரைச் செருகும்போது விரல் வழுக்கியது. அப்படி ஒரு வேர்வை. குமிழைப் பாதியில் நிறுத்தினாள். அலறல் முனகலானது. அவள் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் குழறியது.

அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "இவ்வளவுதானாம்மா?"

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆறு வருஷத்தைப் பார்த்து ஒருத்தர் இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டார். கை தானாகப் போய்க் குமிழைக் கடைசிவரை திருப்பியது.

ஜெனரேட்டர் செத்தது. அவள் குரல் மட்டும், அட்சர சுத்தமாக: "பேச்சுக்கு நடுவுல மூச்சு இழுக்கறோம்ல, அந்த இடத்துல இது இரைச்சலை மட்டும் படிச்சு வெச்சுக்கும். அப்புறம் அதைக் கழிச்சிடும். மிச்சம் நிக்கறதுதான் பேச்சு. எழுதிக்கோடா."

வீடியோவின் கடைசியில், கேமரா பிடித்த தம்பி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"நல்லாவே வேலை செய்யுதும்மா," என்றார் அதிகாரி. பிறகு குனிந்து, விண்ணப்பத்தின் மேல் தள்ளுபடி என்று எழுதி, தேதி போட்டார்.

அவரும் வக்கீலும் போன பிறகும் அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பியூன் சாவியைக் குலுக்கினார்.

"லூசுன்னு ஒரு வார்த்தை," என்றான் தம்பி வராந்தாவில் நின்றபடி.

"டைட்டாத்தான்டா இருந்துச்சு."

அவள் வாசலைத் தாண்டினாள். பின்னால் பியூன் கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை ஒருதரம் இழுத்தும் பார்த்தார்.