ஹாபயார்வி பாதையில் காலடிக் குழிகள்

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு எரிச்சல்தான். காலையில் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு ஹாபயார்வி ஏரியைச் சுற்றப் போனால், முந்தின சாயங்காலம் இயந்திரம் இழுத்துவிட்டுப் போன பனித்தடத்தின் நடுவிலேயே பூட்ஸ் குழிகள் இருக்கும். ஒரு ஆள், ஒரு நாய். பலகை முனை குழியில் மாட்டி இரண்டு முறை விழுந்தேன். அறுபத்தெட்டு வயதில் விழுவது வேடிக்கையில்லை.

அதனால், சறுக்குபவர்களும் நடப்பவர்களும் பாதையை எப்படிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நகராட்சி கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பியதும், அதில் இடம் போதாமல் தனித்தாளும் இணைத்தேன். நடப்பவர்களை அடியோடு தடுக்க வேண்டும் என்று எழுதினேன்.

பிறகு பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நகராட்சி அலுவலர் ஹெட்டா சுவரில் பெரிய வரைபடம் மாட்டி, காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்து எல்லோரையும் பேசவிட்டாள். என் முறை வந்தது.

"தினமும் ஒரு ஆள் நாயோட வந்து தடத்தை நாசம் பண்றாங்க. யாருன்னு தெரிஞ்சா நேர்லயே கேப்பேன்."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "கேளு, என்சியோ. நான்தான்," என்று என் பெயரைச் சொல்லி ஒரு பெண்குரல்.

லெம்பி. சின்ன வயதில் ஏழு வருஷம் நாங்கள் இருவரும் இந்த ஏரியைச் சுற்றிச் சறுக்கித்தான் பள்ளிக்குப் போனோம். ஈரம் ஏறாமலிருக்க மரப்பலகையில் தேய்த்த தாரின் வாசனை, உறைபனி படிந்து வெளுத்துப்போன அவள் பின்னல், இருட்டில் முன்னால் கேட்கும் அவள் மூச்சு எல்லாம் அந்த ஒரு குரலோடு திரும்பி வந்தன. கல்யாணமாகித் தெற்கே போனவள் கணவரை இழந்து ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று இலையுதிர்காலத்திலேயே கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்கத்தான் இல்லை.

"நீ ஏன் நடக்குற?" என்றேன்.

"இடுப்புல இரும்பு வெச்சிருக்காங்க. பலகையைத் தொடக்கூடாதுன்னுட்டார் டாக்டர். ரோட்டுலயா போகச் சொல்ற, லாரிக்கு நடுவுல?"

"ஓரமாப் போகலாம்ல?"

"ஓரத்துல தொடை வரைக்கும் பனி. நீ இறங்கிக் காட்டு. அந்தக் காலத்துல நான் மிதிச்சுப் போட்ட தடத்துலதானே நீ சொகுசா வந்த? அப்ப இயந்திரம் ஏது?"

கூடமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

இடைவேளையில் என் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். "கொடுத்ததை எடுக்க முடியாது. வேணும்னா புதுசா ஒண்ணு எழுதுங்க," என்றாள் ஹெட்டா.

புதுப் படிவத்தோடு லெம்பியின் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். அதிலிருந்த பாதை வரைபடத்தை இருவரும் பார்த்தோம். காட்டுப் பக்கம் அகலம் போதும். ஒருபுறம் சறுக்குத் தடம், மறுபுறம் நடக்க அழுத்திய பனி. பாறை இடுக்கில் மட்டும் இரண்டுக்கும் இடமில்லை.

"இடுக்குல காலைல பத்து மணி வரைக்கும் நீ நட. அப்புறம் இயந்திரம் வரட்டும், அப்புறம் நான்."

"இங்கதானே அந்த வைக்கோல் கொட்டாய்? பனிப்புயல்ல மாட்டிக்கிட்டு, என் ரொட்டியை நீ தின்ன."

"பாதிதான் தின்னேன்."

"முக்கால்வாசி," என்று வரைபடத்தில் கோடு போட்டாள். இருவரும் கையெழுத்திட்டோம்.

ஒரு குளிர்காலம் சோதித்துப் பார்க்கலாம் என்று நகராட்சி ஒத்துக்கொண்டது. சறுக்குப் போட்டிக்குப் பழகுகிறவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். பத்து மணிக்கு மேலும் சிலர் இடுக்கில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் நானும் பலகையை விட்டுவிட்டு லெம்பியோடு நடக்கிறேன். கணவர் எப்படி இறந்தார் என்பதை மார்ச் மாதம்தான் என்னிடம் சொன்னாள். நாங்கள் அன்றைக்கு ஏரியை இரண்டு சுற்று சுற்றினோம்.